பர்ன்சைட் பாலத்தை இரு கரையிலிருந்தும் பாருங்கள்

அமெரிக்காவின் மேரிலாந்தில் இருக்கும், உள்நாட்டுப் போர்க்கால ஆன்டீட்டம் போர்க்களத்துக்குப் போனால், வண்டியை மேற்குக் கரை மேட்டில் நிறுத்திவிட்டு உடனே கீழே இறங்காதீர்கள். 1862 செப்டம்பர் 17 அன்று தென் மாநிலங்களின் படையைச் சேர்ந்த சுமார் 500 ஜார்ஜியா வீரர்கள் பதுங்கியிருந்த சரிவு இதுதான். இங்கிருந்து பாலத்தைப் பாருங்கள்: மூன்று வளைவு, சுமார் 12 அடி அகலம். இவ்வளவு குறுகலான வழியில்தான் வட மாநிலங்களின் தளபதி பர்ன்சைடின் படை கடக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் முடியவில்லை!

அப்புறம் கீழிறங்கி, பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய்த் திரும்பி நின்று மேட்டை அண்ணாந்து பாருங்கள். எனக்கு அங்கேதான் நெஞ்சு கனத்தது. ஒதுங்க இடமே இல்லை.

பக்கத்திலிருக்கும் சிக்கமோர் மரத்தைத் தவறவிடாதீர்கள். போர் முடிந்த சில நாட்களில் எடுத்த புகைப்படத்தில் அது சின்னஞ்சிறு மரம். வேரை மிதிக்காமல் தள்ளி நின்றே பாருங்கள்.