மொட்டைமாடி மூலை விரிசல்: மழைக்கு முன் அடைத்த விதம்

வேலூரில் கத்திரி முடிந்ததும் மாலையில் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். மாடி காய்ந்திருக்கும்போதே விரிசலை அடைத்துவிட வேண்டும். ஒழுகிய இடம், கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலை. பகலில் விரிந்து இரவில் சுருங்கும்போது முதலில் விடுவது அந்த இணைப்புதான்.

மேலே பூசியிருந்த சிமெண்ட் பால் விரல் பட்டதும் அப்பளம்போல் உடைந்து வந்தது. உளியால் விரிசலை அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழம் வெட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, தூசியை முழுக்க எடுத்தேன். தூசி இருந்தால் எந்தக் கலவையும் பிடிக்காது. 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு சலித்த மணல்; 5 கிலோ சிமெண்டுக்கு 1 லிட்டர் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (சிமெண்டில் கலக்கும் பால் போன்ற செயற்கை ரப்பர் திரவம்), தண்ணீர் கொஞ்சம்தான். குழியை நனைத்து, தேங்கிய நீரை ஒற்றி, லேடெக்ஸில் குழைத்த சிமெண்டைத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையைத் திணிக்க வேண்டும். மூலையில் சுவரிலிருந்து தளத்துக்கு இறங்கும் 2 அங்குலச் சரிவு கட்டாயம் வேண்டும். மாலை ஐந்துக்கு மேல்தான் இந்த வேலை. உச்சிவெயிலில் பூசினால் இறுகும் முன்பே வறண்டு மயிரிழையாக வெடிக்கும். பிறகு மூன்று நாள் ஈரச்சாக்கு.

எட்டாம் நாள் மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டேன். கீழே கூரையில் ஈரம் காணவில்லை.