அப்பாவின் கைபேசிக்கு அமைதி கிடைத்த கதை

அப்பாவுக்கு வயது 74. மதியம் கண்ணயரும் நேரம் பார்த்துத்தான் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று அழைப்பார்கள். அவரோ ஒவ்வோர் அழைப்பையும் யாரோ உறவினர் என்று நம்பி எழுந்து ஓடுவார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் எண்களை ஒவ்வொன்றாகத் தடுத்தேன். பயனில்லை, மறுநாள் வேறு எண். அறியாத எண்கள் ஒலிக்காதபடி வைத்தேன். அதில் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் அழைப்பு தவறிப்போனது. அந்த வழியை முதியவர்களின் கைபேசியில் வைக்கவே கூடாது என்பேன்.

பிறகுதான் விளம்பர அழைப்புகளைத் தடுக்கப் பதிவு செய்யும் 1909 என்ற எண் நினைவுக்கு வந்தது. அப்பாவின் கைபேசியிலிருந்தே ஸ்டார்ட் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 0 சேர்த்து அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். எல்லா வகை விளம்பரங்களையும் தடுக்கும் பதிவு அது. வங்கியின் ஓடிபி நின்றுவிடுமோ என்று அப்பா பயந்தார். நிற்காது, பரிவர்த்தனைச் செய்திகளுக்கு இந்தத் தடை கிடையாது.

பதிவு செய்யாத விற்பனையாளர்கள் சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்து அழைப்பது மட்டும் தொடர்ந்தது. அவற்றைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் டிராய் டிஎன்டி செயலியில் எண், தேதியுடன் அன்றன்றே புகார் செய்தேன். 2025இல் திருத்திய விதிப்படி ஏழு நாள் வரை அவகாசம் உண்டு. ஆனாலும் தள்ளிப்போட்டால் மறந்துவிடும். இப்போது வாரத்துக்கு ஓர் அழைப்பு வந்தாலே அதிகம். அப்பா மதியம் நிம்மதியாகத் தூங்குகிறார்.