ரோட்டுக் குழிக்கு மீன்முள்ளு சார்ட் போடுறது எப்படி

மதுரை கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனியில குவாலிட்டி டிபார்ட்மெண்ட்ல இருக்கேன். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா நாங்க யாரையும் திட்ட மாட்டோம் (சரி, கொஞ்சம் திட்டுவோம்), ஒரு சார்ட்ல மீன் எலும்புக்கூடு மாதிரி வரைஞ்சு ஒவ்வொரு முள்ளா எழுதி எது காரணம்னு தேடுவோம். ஜப்பான்காரர் கவோரு இஷிகாவா கொண்டுவந்த முறை. மீன் கொடி பறந்த ஊர்க்காரன் மீன் படம் போட எதுக்கு யோசிக்கணும்னு போன ஐப்பசி மழையில எங்க தெருக் குழிக்கே ஒண்ணு போட்டுப் பாத்தேன். அதை எப்படிப் போடுறதுன்னு சொல்றேன், உங்க தெருவுக்கும் ஆகும்.

மொதல்ல தலை. வலது பக்கம் ஒரு கட்டம் போட்டு பிரச்சனைய எழுதணும். "ரோடு மோசம்"னு எழுதுனா அந்த மீன் அப்பவே செத்துப் போச்சு. எங்க, எப்ப, எவ்வளவு நாள்ல, இந்த மூணும் இருக்கணும். நான் எழுதுனது, "தெரு முனையில இருந்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும், மழை பெஞ்ச ரெண்டு வாரத்துல குழி விழுது". டிரான்ஸ்பார்மருக்கு அங்கிட்டு அதே தாரு, அதே மழை, ஆனா குழி இல்ல. இந்த ஒரு வித்தியாசத்தக் கவனிச்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அப்புறம் முள்ளு, ஒவ்வொரு காரண வகைக்கும் ஒண்ணு. கம்பெனியில மேன், மெஷின், மெட்டீரியல், மெத்தட், மெஷர்மெண்ட், என்விரான்மெண்ட்னு ஆறு போடுவோம். ரோட்டுக்கு அதை அப்படியே போட்டா ஒட்டாது, அதனால நான் தண்ணி, அடிமண், பொருள், போட்ட விதம், பாரம், பின்னாடி தோண்டுனதுன்னு மாத்திக்கிட்டேன். "கமிஷன் அடிச்சுட்டாய்ங்க"ன்னு ஒரு முள்ளு போடச் சொல்லி டீக்கடை அண்ணே ஒத்தக்கால்ல நின்னாரு. போடலாம்ணே, ஆனா அதை வச்சு எந்தக் குழிய மூடுறதுன்னு கேட்டேன், காசு அடிச்சது உண்மையாவே இருந்தாலும் அது ரோட்டுல எப்படித் தெரியும், தாரு கனம் கொறைஞ்சுச்சா, ரோலர் ஓட்டம் கொறைஞ்சுச்சா, அளந்து பாக்குற மாதிரி ஒண்ணத்தான் முள்ளுல எழுதணும். அண்ணே கோவிச்சுக்கிட்டாரு, ரெண்டு நாள் டீ ஸ்ட்ராங்கா வரல.

இப்ப தண்ணி முள்ளு, இதுதான் பெருசு. குளிர் நாட்டுல தண்ணி ஐஸாகி உப்பி ரோட்டப் பேக்கும், நமக்கு அந்தக் கதை கிடையாது. நமக்கு நடக்குறது இது: மேல விரிசல் விடுது, அது வழியா தண்ணி எறங்கி கீழ இருக்குற ஜல்லி அடுக்குல தேங்குது, அந்த நேரத்துல ஒரு லாரி ஏறுனா ஈரமான மண்ணு பிதுங்கி விரிசல் வழியா வெளிய வருது, உள்ள பொந்தாகிருது, மேல தாரு மட்டும் அப்பளம் மாதிரி நிக்குது, அடுத்த வண்டியில அப்பளம் நொறுங்குது. குழிக்குப் பக்கத்துல முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமா விரிசல் இருந்தா அங்க அடுத்த குழி ரெடியாகிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இதைப் பாக்க மழை விட்ட அரை மணி நேரத்துல குடையோட நடங்க. எங்க தண்ணி நிக்குதோ அங்க சாக்பீஸ்ல வட்டம் போட முடியாதுதான், போட்டோ எடுத்துட்டு காஞ்சதும் போடுங்க. ரோடு நடுவுல ஒசந்து ரெண்டு ஓரமும் சரிஞ்சிருக்கணும், தார் ரோட்டுக்குச் சரிவு 2-ல இருந்து 2.5 சதவீதம். 6 மீட்டர் ரோடுன்னா நடுவுக்கும் ஓரத்துக்கும் 6-ல இருந்து 7.5 செ.மீ. வித்தியாசம் வரணும். கொத்தனார் மட்டம் பாக்க வச்சிருக்குற தண்ணி டியூப் (டியூப் லெவல்) ஒண்ணு வாங்கி நாங்க அளந்தோம், எங்களுக்கு ஒரு இடத்துல 2 செ.மீ. கூட இல்ல, இன்னொரு இடத்துல ஓரம் ஒசந்து நடு பள்ளமா இருந்துச்சு. ஸ்பீடு பிரேக்கருக்கு மேட்டுப் பக்கமும் பாருங்க, ஓடி வர்ற தண்ணி அங்கதான் முட்டி நிக்கும், அதே இடத்துலதான் எல்லாரும் பிரேக்கும் அடிப்பாங்க. மழையே இல்லாத சித்திரையிலயும் ஒரு இடம் மட்டும் ஈரமா இருந்தா அடியில குடிதண்ணிக் குழாய் ஜாயிண்ட் கசியுது, அதை அடைக்காம மேல தாரு ஊத்துறது வெட்டிச் செலவு.

பொருள் முள்ளுக்கு லேப் எல்லாம் வேணாம். குழி ஓரத்துல பேந்து கெடக்குற துண்டு ஒண்ண எடுத்துப் பாருங்க. ஜல்லி தாரே ஒட்டாம வெள்ளையா கழுவுன மாதிரி இருந்தா தண்ணி தாரையும் கல்லையும் பிரிச்சிருக்கு. ஜல்லி நல்லா கருப்பா, துண்டு கெட்டியா இருந்தும் குழி விழுந்திருக்குன்னா கோளாறு மேல இல்ல, அடியில. அப்படியே குழி ஓரத்துல ஸ்கேல வச்சு தார் அடுக்கு எத்தனை மி.மீ.னு பாத்துக்கங்க, 20 மி.மீ. பிரிமிக்ஸ் கார்ப்பெட்னு (ஜல்லியையும் தாரையும் கலந்து போடுற மேல் அடுக்கு) போர்டுல எழுதிருந்தா 20 இருக்கணும்ல.

இந்த எடத்துல யாராவது "நம்ம மதுரைக்காரரு கண்டுபிடிச்ச பிளாஸ்டிக் ரோடு போட்டா எல்லாம் சரியாகிரும்"பாங்க. தியாகராஜர் பொறியியல் கல்லூரி வாசுதேவன் சார் கொண்டுவந்த முறை, 2018-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, நல்ல முறைதான். சூடான ஜல்லி மேல துண்டாக்குன பிளாஸ்டிக்கத் தூவுனா அது உருகி கல்லு மேல தோல் மாதிரி படியுது, அதுக்கு மேல தாரு, அதனால கல்லுக்கும் தாருக்கும் நடுவுல தண்ணி பூர்றது கஷ்டம். ஆனா அது பொருள் முள்ளுக்கான மருந்து. அடிமண்ணு எறங்குற எடத்துல என்ன போட்டாலும் சேர்ந்து எறங்கத்தான் செய்யும்.

அடிமண்ணுன்னா திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம், கரிசல். மழையில உப்பும், கோடையில வெடிக்கும், ரோட்டு நீளத்துக்குக் கோடு கோடா விரிசல் வந்தா மொதல்ல அதைத்தான் சந்தேகப்படணும். போட்ட விதம் முள்ளுல முக்கியமானது சூடு, கலவை 90 டிகிரிக்குக் கீழ போறதுக்குள்ள ரோலர் ஓட்டி முடிக்கணும், லாரி எங்கயோ டிராபிக்ல நின்னு தார்ப்பாய் இல்லாம ஆறிப்போய் வந்தா எத்தன தடவ உருட்டுனாலும் கெட்டிப்படாது. இதெல்லாம் போடும்போது கூட நின்னாத்தான் தெரியும், பின்னாடி தெரியாது, அதனால சந்தேகம்னா கேள்விக்குறி போட்டு விட்டுருங்க. பாரம் முள்ளுல பைக், ஆட்டோவ எல்லாம் எழுதாதீங்க. வண்டியோட ஒரு அச்சு (ஆக்சில்) மேல விழுற எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்குச் சேதம் ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட 16 மடங்கு. எம்சாண்ட் டிப்பரும் தண்ணி லாரியும்தான் கணக்கு.

கடைசி முள்ளு, பின்னாடி தோண்டுனது. எங்க பக்கத்து வீட்டு மாமா ரிட்டையர்டு ஓவர்சியர், சார்ட்ட மேலயும் கீழயும் பாத்துட்டு, "மாப்ள, இவ்வளவு எழுதிருக்கியே, குழி எல்லாம் ஒரே நேர்கோட்டுல போகுதே, அதைப் பாத்தியா?"ன்னாரு. பாத்தா அட ஆமா. ரெண்டு வருசம் முன்னாடி குழாய் போடத் தோண்டுன கோடு, டிரான்ஸ்பார்மர்லயே நின்னுருச்சு. தோண்டுனா மண்ண ஒரு சாண் ஒரு சாணா கொட்டி ஒவ்வொரு அடுக்கையும் இடிச்சு கெட்டிப்படுத்தணும். எங்க தெருவுல ஜேசிபியில ஒரே தள்ளாத் தள்ளி மேல ஜல்லியத் தூவிட்டுப் போனாய்ங்க, நானே மாடியில இருந்து காபி குடிச்சுக்கிட்டே பாத்தேன், அப்ப உறைக்கல.

முள்ளு எல்லாம் எழுதியாச்சா, உடனே காரணம் கெடச்சிருச்சுன்னு நெனைக்காதீங்க. சார்ட்ல இருக்குறது பூராம் சந்தேகம்தான், கெண்டை மீன் திங்கிற மாதிரி ஒவ்வொரு முள்ளா எடுத்து வெளிய வைக்கணும். குழிக்கு நம்பர் போட்டு எண்ணுங்க. எங்களுக்கு மொத்தம் 17 குழி: தோண்டுன கோட்டுல 9, ஸ்பீடு பிரேக்கர் பக்கம் 4, மேன்ஹோல் மூடியச் சுத்தி 2, குழாய் கசிவுல 1, ஏன்னே தெரியாம 1. பெருசுல இருந்து சின்னதா வரிசையா கம்பம் கம்பமா வரைஞ்சா அதுக்குப் பேரு பரேட்டோ சார்ட். மொத ரெண்டு கம்பத்துலயே 13 குழி வந்துருச்சு. தாரு தரமில்லாம இருக்கும்னு நான் மனசுக்குள்ள வச்சிருந்த சந்தேகம் அடிபட்டுப் போச்சு, அதே தாரு டிரான்ஸ்பார்மருக்கு அங்கிட்டு இன்னும் நல்லாத்தான இருக்கு.

மனு எழுதும்போது "ரோடு போட்டுத் தாங்க"ன்னு எழுதாம, குழி நம்பர், போட்டோ, தேதி, சார்ட் காப்பி வச்சு, தோண்டுன கோட்ட மறுபடி திறந்து அடுக்கடுக்கா கெட்டிப்படுத்திட்டு மேல தாரு போடுங்க, ஸ்பீடு பிரேக்கர் ரெண்டு ஓரத்துலயும் தண்ணி போக இடைவெளி விடுங்கன்னு குறிப்பா கேளுங்க. அதுவரைக்கும் பேட்ச் மட்டும்தான் போடுவோம்னா குழிய சதுரமா வெட்டி, ஓரம் செங்குத்தா எடுத்து, உள்ள ஈரம் தூசி இல்லாம தொடைச்சு, அடியிலயும் பக்கத்துலயும் தாரு தடவி, அப்புறம் சூட்டுக் கலவைய நிரப்பி இடிக்கச் சொல்லுங்க. கட்டட இடிசல கொட்டி மூடுறத ஒத்துக்காதீங்க, அதுவே தண்ணிய உறிஞ்சி வச்சுக்கும்.

பேட்ச் போட்ட தேதிய சார்ட்ல அந்தந்த நம்பருக்கு நேரா எழுதி வைங்க. எங்க 7-ம் நம்பர் குழிய இதுவரைக்கும் மூணு தடவ மூடியாச்சு, சார்ட்ட நாலா மடிச்சு பீரோவுல வச்சிருக்கேன், அடுத்த ஐப்பசிக்கு எடுக்கணும்.