பிரீமியம் டொமைன்: விலையைப் பார்த்து மயங்காதீர்கள்

2019இல் வாய்ஸ் டாட் காம் என்ற டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், 3 கோடி டாலருக்குக் கைமாறியது. இப்படியொரு செய்தி வந்தவுடன் அகராதியைப் புரட்டி, அகப்பட்ட சொல்லையெல்லாம் பதிந்து வைப்பவர்கள் உண்டு. அதுதான் முதல் தவறு. வாங்க ஆளிருந்தால்தான் டொமைனுக்கு விலை. டெஸ்லா நிறுவனம் பல ஆண்டுகள் டெஸ்லா மோட்டார்ஸ் டாட் காம் என்ற முகவரியில்தான் இருந்தது. வெறும் டெஸ்லா டாட் காம் கைக்கு வரப் பத்தாண்டுகளுக்கு மேலானது, 1.1 கோடி டாலர் செலவானது என்று ஈலான் மஸ்க் சொல்லியிருக்கிறார். அந்தத் தொகையைக் கொடுக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது.

அடுத்த தவறுதான் அதிகம் வலிக்கும்: புதுப்பித்தல் கட்டணத்தைப் பார்க்காமல் வாங்குவது. டாட் காமில் பிரீமியம் என்றால் பெரும்பாலும் முந்தைய உரிமையாளர் கேட்கும் விலை. ஒருமுறை கொடுத்தால் முடிந்தது, பிறகு ஆண்டுதோறும் வழக்கமான கட்டணம்தான். டாட் ஷாப், டாட் ஆன்லைன் போன்ற புதிய நீட்சிகளில் அப்படியல்ல. அங்கே அந்த நீட்சியை நடத்தும் நிறுவனமான பதிவகமே நல்ல பெயர்களைப் பிரித்து வைத்துக் கூடுதல் விலை வைக்கிறது; பல பெயர்களுக்கு அதே உயர்ந்த கட்டணத்தை ஒவ்வோர் ஆண்டும் கட்ட வேண்டும். பணம் செலுத்தும் பக்கத்தில் முதல் ஆண்டு விலை பெரிதாகத் தெரியும். அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் புதுப்பித்தல் கட்டணத்தைப் படிக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

பெயரைக் காதால் சோதித்துப் பார்க்காததும் தவறு. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பதிபவர்களுக்கு இதைக் கெஞ்சியே சொல்வேன். 'வாழை' என்று பெயர் வைக்கிறீர்கள். ழகரத்துக்கு 'zh' போடுவதா, 'l' போடுவதா? 'வா'வுக்கு ஒரு 'a' போடுவதா, இரண்டா? அதற்குள் நான்கு எழுத்துக்கூட்டல்கள் வந்துவிட்டன. தொலைபேசியில் நான்கு பேரிடம் பெயரைச் சொல்லித் தட்டச்சுச் செய்யச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விதமாக வந்தால், எவ்வளவு அழகான பெயரானாலும் விட்டுவிடுங்கள்.

பிறருடைய வணிகக்குறியைத் தொடவே வேண்டாம். 1999 முதல் நடைமுறையில் உள்ள டொமைன் தகராறு விதிகளின்படி, வணிகக்குறியின் உரிமையாளர் கொடுக்கும் புகார் வென்றால் பெயர் அவருக்குப் போய்விடும். நீங்கள் கொடுத்த பணம் திரும்பாது.

பழைய பெயராக இருந்தால், இணையதளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் அதன் கடந்த காலத்தைப் பாருங்கள். முன்பு மோசடித் தளமாக இருந்திருந்தால், நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல்கூட ஸ்பேமில் விழக்கூடும்.

விற்பவரின் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள். கைமாற்றம் முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் இடைநிலைச் சேவையான எஸ்க்ரோவில் இருக்கட்டும். பெயர் உங்கள் கணக்குக்கு மாறி, உரிமையாளர் இடத்தில் உங்கள் மின்னஞ்சல் பதிவாகியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தை விடுவியுங்கள்.