'லைக் எ ப்ரேயர்' கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சாந்தோமில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு சாயங்காலம் நாலைந்து பேர் கூடி, ஏதாவது ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்போம். கடல் காற்று, சுண்டல், பக்கத்துப் பேராலயத்தின் மணி எல்லாம் இலவசம். போன மாதம் அமெரிக்கப் பாடகி மடோனாவின் 'லைக் எ ப்ரேயர்'. ஸ்பீக்கரை இன்னும் ஆன் செய்யவில்லை, அதற்குள் தீர்ப்புகள் வந்துவிட்டன. "சிலுவையை எரிச்சாங்களே, அதுதானே?" "பெப்சிக்காரன் துரத்திவிட்டானே?" "கன்னி மாதிரின்னு பாடுவாங்களே, அந்தம்மாதானே?" கடைசிக் கேள்வியை உடனே முடித்துவிடலாம். பாடகி அவர்தான், ஆனால் அது 1984-இல் வந்த வேறு ஆல்பம். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

அநேகமாக எல்லோரும் செய்யும் தவறு, இந்த ஆல்பத்துக்குள் வீடியோ வழியாக நுழைவது. ஆல்பம் வெளியானது 1989 மார்ச் 21. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 26, அதாவது புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை. தலைப்புப் பாட்டின் வீடியோ அதற்கும் முன்பே, தவக்காலத்தின் நடுவில், மார்ச் 3 அன்று பாட்டு வீடியோ சேனலான எம்டிவியில் வந்து ஊரைக் கலக்கியது. அமெரிக்காவில் பலருக்கும் முதலில் சண்டை, அப்புறம்தான் பாட்டு. சென்னையில் கதை தலைகீழ். ஸ்டார் டிவியோடு எம்டிவி நம் வீடுகளுக்குள் வந்ததே 1991-க்குப் பிறகு. அதனால் அன்றைக்கு இங்கே கேட்டவர்கள் கேசட்டில் வெறும் குரலை மட்டும் கேட்டார்கள். அவர்கள் கேட்ட ஆல்பம் வேறு என்றே எனக்குத் தோன்றும். அதில் எரியும் சிலுவை கிடையாது. அம்மாவை இழந்த ஒரு பெண் பிள்ளை இருந்தாள்.

சரி, வீடியோவைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் கதையை ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் பேசலாம். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை வெள்ளைக்கார ஆண்கள் கொல்கிறார்கள். உதவ ஓடி வந்த கருப்பின இளைஞனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. பார்த்த சாட்சி மடோனா. பயந்து ஒரு கோயிலுக்குள் ஓடுகிறார். அங்கே கிராதிக்குள் நிற்கும் கருப்புப் புனிதரின் சொரூபம், கைதான அந்த இளைஞனின் சாயலில் இருக்கிறது, அழுகிறது, உயிர் பெறுகிறது. மடோனா கத்தி ஒன்றை எடுக்க, உள்ளங்கைகளில் ஐந்து காய வரம் போல, அதாவது சிலுவையில் ஏசு பட்ட காயங்கள் சில புனிதர்கள் உடம்பில் தோன்றியதாகச் சொல்வார்களே அது போல, காயம் உண்டாகிறது. பிறகு போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சாட்சி சொல்கிறார், அவன் விடுதலை ஆகிறான். கடைசியில் திரை விழுகிறது, எல்லோரும் நாடகக்காரர்கள் போல வணக்கம் சொல்கிறார்கள்.

இதில் இரண்டு இடங்களில் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று, "கருப்பு ஏசுவை முத்தமிட்டார்" என்பது. அது ஏசு இல்லை, ஒரு புனிதரின் சொரூபம். மாடியில் இருந்த இந்து நண்பர் "ரெண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்" என்றார். எங்கள் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு சுண்டல் கிடைத்திருக்காது. இன்னொன்று எரியும் சிலுவைகள். அமெரிக்காவின் கு கிளக்ஸ் கிளான் கும்பல் கருப்பின மக்களைப் பயமுறுத்தச் சிலுவையை நட்டுக் கொளுத்தும். அந்த வரலாறு தெரியாமல் பார்த்தால் மத அவமதிப்பாகத்தான் படும். தெரிந்து பார்த்தால், சிலுவையை எரித்தது யார் என்று படம் கேட்பது புரியும். இதற்காக மடோனாவைப் பச்சைக் குழந்தையாகவும் ஆக்க வேண்டாம். உள்பாவாடை போன்ற உடையும் முத்தமும் தற்செயலாக வந்தவை அல்ல. சீண்ட வேண்டும் என்றே சீண்டினார். வாட்டிகன் கண்டித்தபோது அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

பெப்சி விவகாரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. பெப்சி எடுத்த விளம்பரம் வேறு, இந்த வீடியோ வேறு. மார்ச் 2 அன்று ஒளிபரப்பான விளம்பரத்தில் மடோனா தன் சிறுவயதுப் பிறந்தநாள் படத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான், யாரையும் உறுத்தாது. மறுநாள் வந்த வீடியோவில் பெப்சிக்குப் பங்கே இல்லை. ஆனால் பாட்டு ஒன்றுதான் என்பதால் எதிர்ப்பு கம்பெனி மேல் பாய்ந்தது, அவர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். பேசிய 50 லட்சம் டாலர் மடோனாவிடமே இருந்துவிட்டது. "துரத்திவிட்டார்கள்" என்ற சொல்லை யாருக்குப் பொருத்துவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். (அன்று நம் ஊரில் பெப்சியே கிடையாது. லெஹர் பெப்சி என்ற பேரில் அது வந்தது 1990-இல். நாங்கள் பொவோண்டோ குடித்துக்கொண்டு அமெரிக்கக் கூல்டிரிங்க்ஸ் சண்டையைப் பேப்பரில் படித்தோம்.)

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. விமர்சனம் எழுதுகிறவர்கள்கூடச் செய்வது. மதம், பெண் விடுதலை, காதல் முறிவு என்று மூன்று டப்பா வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டை எந்த டப்பாவில் போடுவது என்று பிரிப்பார்கள். இந்த ஆல்பம் அப்படிப் பிரியாது. ஏன் என்று தெரிய அவர் பேரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மடோனா என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பேர் என்று நினைக்கிறவர்கள் நிறைய. இல்லை, ஞானஸ்நானப் பேரே அதுதான். அதைவிட முக்கியம், அவர் அம்மாவின் பேரும் மடோனா. நம் பாஷையில் சொன்னால் மாதா. பெசன்ட் நகர் கோயிலுக்குச் செப்டம்பரில் காவி கட்டி நடந்து வருகிறவர்கள் கூப்பிடும் அதே மாதா. மடோனாவின் அம்மா 1963 டிசம்பரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 30, மகளுக்கு 5. மகள் இந்த ஆல்பத்தில் உழைத்த 1988-இல் அவளுக்கும் 30 ஆனது. நடிகர் ஷான் பென்னுடனான கல்யாணமும் அந்த நேரத்தில்தான் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. தனக்கு ஜெபிக்கக் கற்றுத் தந்த அம்மாவுக்கு என்று ஆல்பத்தைச் சமர்ப்பித்திருக்கிறார். அம்மா, மாதா, தன் பேர் மூன்றும் ஒரே சொல்லாக இருக்கிறவர் ஜெபம் என்று பாடினால், அது மதப் பாட்டா குடும்பப் பாட்டா என்று எப்படிப் பிரிப்பது?

'ஓ ஃபாதர்' பாட்டைக் கேளுங்கள். சென்னைக் கத்தோலிக்க வீடுகளில் ஃபாதர் என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவர் கோயில் சாமியார். பாவசங்கீர்த்தனத் தொட்டியின், அதாவது பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் கூண்டின், அந்தப் பக்கம் இருப்பவர். பாட்டிலோ வீட்டிலிருக்கும் அப்பா, மேலே இருக்கும் பிதா, ஃபாதர் மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்கிறார்கள். அப்பாவிடமிருந்து ஓடிப் போனதைப் பாடிக்கொண்டே வந்து, கடைசியில் உன்னையும் யாரோ காயப்படுத்தியிருக்கிறார்கள் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். அது மன்னிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், மன்னிப்புக்கு முந்தின படி. இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் கருப்பு வெள்ளையில் எடுத்த இதன் வீடியோவில் இறந்த அம்மாவின் உதடுகள் தைக்கப்பட்டிருக்கும். அது ஐந்து வயதில் மடோனா பார்த்துப் பதிந்த காட்சி. தனிப் பாட்டாக வெளியிட்ட மற்ற சிங்கிள்கள் அளவுக்கு இது விற்கவில்லை. என் கணக்கில் ஆல்பத்திலேயே சிறந்த பாட்டு இதுதான், மாடியில் ரெண்டு பேர் ஒப்புக்கொள்ளவில்லை.

'டில் டெத் டூ அஸ் பார்ட்' பாட்டில் இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. தாளம் வேகமாக இருப்பதால் ஜாலியான பாட்டு என்று தலையாட்டிவிட்டுப் போவது முதல் தவறு. தலைப்பு, கல்யாண வார்த்தைப்பாட்டில் வரும் சாவு பிரிக்கும் வரை என்ற வாக்கு. பாட்டு அந்த வாக்கு உடைகிற சத்தம். வேகமே அங்கே மூச்சு முட்டலாக வேலை செய்கிறது. இரண்டாவது, பாட்டில் வரும் கணவனை அப்படியே ஷான் பென் என்று எழுதிவிடுவது. பென் தன்னை அடித்ததாகச் சொல்லப்பட்டவை பொய் என்று மடோனாவே 2015-இல் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் கொடுத்திருக்கிறார். பாட்டிலும் ஓங்கி விழும் அடி வார்த்தையின் அடிதான். கிசுகிசுவாகக் கேட்டால் அந்த வரி காதில் விழாமலே போய்விடும்.

'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' பற்றி எல்லோரும் நிறையப் பேசுவதால் சுருக்கமாக முடிக்கிறேன். அது ஆண் வேண்டாம் என்று சொல்லும் பாட்டு இல்லை. நகை, கார் என்று வாங்கிக் கொடுப்பவனோடு திருப்தி அடையாதே, மனதில் இருப்பதை அவன் வாய் திறந்து சொல்லவை என்று தோழிகளுக்குச் சொல்லும் பாட்டு. வரதட்சணைப் பேச்சில் சவரன் கணக்கு மட்டும் பேசும் ஊரில் இது இன்னும் பழசாகவில்லை.

இரட்டை அர்த்தத்திலும் தடுக்கி விழுகிறோம். தலைப்புப் பாட்டில் வரும் முழங்காலில் நிற்பது ஜெபமா, படுக்கையறையா என்று ஒரு கட்சி, எதிர்க்கட்சி. சிலேடை என்று ஒன்றைக் காளமேகத்தில் படித்து ரசித்தவர்கள் நாம். இரண்டும் சேர்ந்து நிற்பதுதான் அழகு, ஒன்றை வெட்டினால் மற்றதும் செத்துப்போகும்.

இங்கேதான் மயிலாப்பூர்ப் பக்கத்து நண்பர் யாராவது "இதெல்லாம் நம்ம ஆண்டாள் அப்பவே பாடியாச்சு" என்பார். பாதி சரி. பக்தியும் உடம்பும் ஒரே குரலில் பாடுவது தமிழ்க் காதுக்குப் புதிதில்லை. மார்கழியில் திருப்பாவை முப்பதும் பாடுகிறோம், நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் சிலவற்றை மெல்லத் தாண்டிப் போகிறோம் என்பதும் உண்மை. ஆனால் இருவரையும் ஒன்றாக்குவது தவறு. ஆண்டாள் பாட்டில் ஏக்கம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, குற்ற உணர்ச்சி இல்லை. பெரியாழ்வார் என்ற அப்பா மகள் பக்கம் நிற்கிறார். மடோனாவுக்கு அப்பா எதிரில் நிற்கிறார், நடுவில் பாவசங்கீர்த்தனத் தொட்டி. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் இரண்டு பேரையுமே கேட்கவில்லை என்று அர்த்தம்.

வாங்கும்போது நடக்கும் தவறு ஒன்று, நானே மாட்டிக்கொண்டது. முதலில் அச்சான பிரதிகளுக்குக் கோயில் சாம்பிராணியை நினைவூட்டும்படி பச்சோலி எண்ணெய் மணம் ஏற்றியிருந்தார்கள். (அந்தச் சொல்லுக்கு வேர் தமிழ் என்கின்றன ஆங்கில அகராதிகள். பச்சை இலை!) பழைய இசைத்தட்டு விற்கும் ஒருவர் "மணம் அப்படியே இருக்கு மேடம்" என்று சொல்லி நல்ல விலைக்கு ஒன்றைத் தலையில் கட்டினார். வீட்டுக்கு வந்து முகர்ந்தால் அசல் அத்தர். மணத்தை நம்பி வாங்காதீர்கள். உள்ளே எய்ட்ஸ் பற்றிய துண்டுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சீட்டு முதல் வெளியீட்டில் இருந்தது. நோயாளிகளிடம் பரிவு காட்டச் சொல்லும் அதைத் தேவாலய வாசனையோடு ஒரே உறையில் போட்டதுதான் இந்த ஆல்பத்தின் மிகத் துணிச்சலான செய்கை என்பேன். அப்போது அது நமக்கும் தூரத்துச் செய்தி இல்லை. இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதே இதே ஊரில் எடுத்த ரத்த மாதிரிகளில், 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில்.

அப்புறம், தொகுப்பு ஆல்பத்தில் கேட்டுவிட்டு "கேட்டாச்சு" என்று சொல்லாதீர்கள். 1990-இல் வந்த தொகுப்பில் இருப்பவை மாற்றிக் கலக்கப்பட்ட வடிவங்கள். அசலில் முதலில் கிதார் கீறும், தடாலென்று கதவு சாத்தும் சத்தம், அதன் பின்தான் ஆர்கன். ஷஃபிளும் வேண்டாம். தேவாலய இசைக்காரர் ஆண்ட்ரே கிரவுச்சின் பாடகர் குழு ஜெபமாகத் தொடங்கி வைப்பதை, கடைசிப் பாட்டான 'ஆக்ட் ஆஃப் கான்ட்ரிஷன்' பின்பக்கமாக ஓடவிட்டு அதன் மேல் மனஸ்தாப மந்திரம், அதாவது பாவத்துக்கு வருந்தும் ஜெபம், சொல்கிறது. சொல்லச் சொல்ல ஜெபம் குழம்பி, தனக்கு ரிசர்வேஷன் இருக்கிறது என்று மடோனா சண்டை போட ஆரம்பிக்கிறார். கம்ப்யூட்டரில் பேர் இல்லையாம். சொர்க்கமோ ஹோட்டலோ, தெரியாது.

கேசட் காலத்தில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிந்து தரும் கடை ஒன்றில் 60 நிமிட கேசட்டில் இதைப் பதியக் கொடுத்தேன். அளவாக அடங்கியது. வீட்டுக்கு வந்து கேட்டால் பி பக்கத்தின் கடைசியில் பாட்டு தலைகீழாக ஓடியது. டேப்பைக் கெடுத்துவிட்டார் என்று அடுத்த நாளே போய்ச் சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மறுபடி பதிந்து கொடுத்தார். மறுபடியும் அதே. மூன்றாம் நாள் நான் கடை வாசலில் தலை காட்டியதும், கல்லாவைத் திறந்து காசை மேஜை மேல் வைத்துவிட்டு, கேசட்டைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.