அப்சிந்துக்குத் தண்ணீர் விடும் முறை

சுவிஸிலிருந்து லீவில் வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் விஸ்கியோடு ஒரு அப்சிந்த் போத்தலும் கொண்டுவருகிறார்கள். பெருஞ்சீரகம் போல மணக்கும் அனிஸ் விதையும் வோம்வுட் என்ற கசப்பு மூலிகையும் சேர்த்து வடித்த கடும் மது அது. போன ஆடி மாதம் மருமகன் ஒருவன் உப்புவெளியில் என் வீட்டு விறாந்தை மேசையில் போத்தலை வைத்துவிட்டு, "மாமா, இதை எப்படிக் குடிக்கிறது? சோடா கலக்கிறதா, அப்படியே அடிக்கிறதா?" என்று கேட்டான். இரண்டும் இல்லை என்றேன். அன்று அவனுக்குச் செய்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இதில் என்ன உரிமை என்று கேட்டால், நான் 14 வருடம் சுவிஸின் நொய்ஷாத்தெல் மாநிலத்தில் வால்-டு-த்ராவேர் என்ற பள்ளத்தாக்கில் ஒரு உணவகத்தில் வேலை பார்த்தவன். முதல் நாலு வருடம் கோப்பை கழுவினேன், பிறகு மேசைக்குப் பரிமாற விட்டார்கள். அப்சிந்த் பிறந்ததே அந்தப் பள்ளத்தாக்கில்தான். அங்கே கூவே என்ற ஊரில் 1797இல் முதல் வடிசாலை வந்தது. 1805இல் அதைத் தொடங்கிய குடும்பத்தில் ஒருவரான பெர்னோ எல்லை தாண்டிப் பிரான்சின் பொன்டார்லியேயில் பெரிய வடிசாலை கட்டினார். இன்றைக்கும் நல்ல போத்தல் என்றால் இந்த இரண்டு ஊர்ப் பக்கமும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, முறைக்கு வருவோம்.

நம் சாராயத்தில் மதுச்சத்து 35 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்சிந்தில் 53, 65, 72 என்று போகும். அதை நேராக வாயில் ஊற்றினால் நாக்கு எரிவதைத் தவிர ஒன்றும் தெரியாது. இது தண்ணீரோடு சேர்த்துக் குடிப்பதற்கென்றே வடித்த பானம். ஒரு பங்கு அப்சிந்துக்கு மூன்று முதல் ஐந்து பங்கு தண்ணீர். 53 சதவீதமுள்ளதில் 30 மில்லி எடுத்து 90 மில்லி தண்ணீர் விட்டால், கிளாஸில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு வைனின் பலம். 68 சதவீதமுள்ளதற்கு 120 மில்லி விட வேண்டும்.

நம் பக்கத்தில் தண்ணீரே முதல் சிக்கல். எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட இருப்பதால் தண்ணீரில் மெல்லிய உவர்ப்பு உண்டு. தேத்தண்ணிக்கு அது பெரிதாகத் தெரியாது, அப்சிந்தில் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால் போத்தல் தண்ணீர் எடுங்கள். அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலைக் கழுத்தில் இரண்டு விரல் குறையவிட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உள்ளே ஊசி ஊசியாக ஐஸ் பிடிக்கத் தொடங்கும்போது வெளியே எடுத்துவிடுங்கள். ஐஸ்கட்டியைக் கிளாஸுக்குள் போட வேண்டாம். திருகோணமலை வெக்கையில் அது உருகும் வேகம் உங்கள் கையில் இல்லை, எவ்வளவு தண்ணீர் சேர்ந்தது என்ற கணக்கே போய்விடும்.

அங்கே உணவகங்களில் இரண்டு, நான்கு குழாய் வைத்த கண்ணாடிச் சாடி மேசை நடுவில் நிற்கும். ஒவ்வொரு குழாயிலிருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். அதை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. தையல் ஊசியை நெருப்பில் காட்டி, அந்தப் பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் ஒரு துளை போடுங்கள். ஒன்றே ஒன்று. போத்தலைக் கவிழ்த்துப் பிடித்து மெல்ல அமுக்கினால் சொட்டும், கொஞ்சம் கூட அமுக்கினால் நூலாக வரும். என் கைக்கு இப்போது அந்தச் சாடியைவிட இதுதான் வசதி.

கிளாஸ் நீளமாக, மெல்லிய கண்ணாடியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் குவளையில் அனிஸ் வாசம் ஏறிவிட்டால் பிறகு அதில் வேறு எதுவும் குடிக்க முடியாது. முதலில் அப்சிந்த், அதற்குப் பிறகு தண்ணீர். மாற்றிச் செய்யாதீர்கள். பின்னால் ஒரு வெள்ளைச் சுவரோ துணியோ இருக்கிற மாதிரிக் கிளாஸை வைத்துவிட்டு, சேலைன் ஏறுகிற வேகத்தில் தண்ணீரை விடத் தொடங்குங்கள்.

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. முதல் சொட்டுகள் விழும்போது எண்ணெய் இழைகள் மாதிரி ஏதோ சுழலும், ஆனால் நிறம் மாறாது. கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு புகை எழும்பும். அது மேலே ஏற ஏற, தெளிந்த அப்சிந்த் ஒரு பட்டையாக மேலே ஒதுங்கி நிற்கும். ஒவ்வொரு சொட்டுக்கும் அந்தப் பட்டை மெலியும். கடைசியில் ஒரு நூல் அளவு இருந்து, அதுவும் மறைந்து, கிளாஸ் முழுக்கப் பால் வண்ணமாகும். பட்டை மறைகிற நேரத்தில் நிறுத்தி ஒரு வாய் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் விடலாம். கூடிப்போனால் திருத்த வழியில்லை.

இப்படிப் பால் விழுவதைப் பிரெஞ்சில் லூஷ் என்கிறார்கள். அனிஸ் விதையிலும் பெருஞ்சீரகத்திலும் இருக்கிற அனெத்தோல் என்ற எண்ணெய்தான் காரணம். அது மதுவில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் கூடும்போது நுண்துளியாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. மெதுவாகச் சொட்டவிட்டால் ஒவ்வொரு மூலிகையும் தனித்தனியாக மூக்குக்கு வரும். முதலில் பெருஞ்சீரகம், பிறகு ஒரு பச்சைப் புல் வாசம், கடைசியில் வோம்வுட். இதை அனுபவிக்காமல் மடமடவென்று ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனசு வலிக்கும்.

வோம்வுட் என்றேன். தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல்லுக்கு எட்டி என்று போட்டிருக்கிறார்கள். நம் எட்டிமரம் முற்றிலும் வேறு, அது கொடிய விஷம். இந்த இரண்டையும் தயவுசெய்து குழப்பிக்கொள்ளாதீர்கள். வோம்வுட் நம் மாசிப்பத்திரியின் இனத்துச் செடி. அதற்காக மாசிப்பத்திரியைச் சாராயத்தில் ஊறப்போட்டு அப்சிந்த் செய்கிறேன் என்று கிளம்பவும் வேண்டாம். ஊறவைத்த பிறகு காய்ச்சி வடித்தால்தான் வோம்வுட்டின் கடுங்கசப்பு பின்தங்கி, வாசம் மட்டும் மேலே வரும். வெறுமனே ஊறவைத்தது வாயில் வைக்க முடியாத கசப்பாகத்தான் இருக்கும்.

சீனி போடுவதா வேண்டாமா என்பது போத்தலைப் பொறுத்தது. பள்ளத்தாக்கில் குடிப்பது பெரும்பாலும் நிறமில்லாத வகை, ப்ளூ என்பார்கள். அதற்கு அங்கே யாரும் சீனி போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. வெறும் குளிர்ந்த தண்ணீர்தான். பிரெஞ்சுப் பச்சை வகைக்குக் கிளாஸின் மேல் துளை போட்ட கரண்டி வைத்து, அதன்மேல் ஒரு சீனிக்கட்டி வைத்து, அதன்மேல் தண்ணீரைச் சொட்டவிடுவது பழைய வழக்கம். கரண்டி இல்லையென்றால் ஒரு முள்ளுக்கரண்டியைக் குறுக்கே வையுங்கள், அது போதும். சீனிக்கட்டிக்குப் பதில் பனங்கட்டியும் வைத்துப் பார்த்தேன். பனங்கட்டி எனக்கு உயிர், ஆனாலும் இதற்கு ஒத்துவரவில்லை. அதன் மணம் மூலிகை எல்லாவற்றையும் மூடிவிட்டது.

எந்தப் பெயரை வாங்குவது? புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது லா க்ளாண்டெஸ்டீன். கூவேயில் வடிக்கிறார்கள், 53 சதவீதம், நிறமில்லாதது. மலைப்பூ வாசமும் தேன் மாதிரி ஒரு இனிப்பும் இருக்கும், சீனி தேவையே இல்லை. அதே பலத்தில் குப்லர் இருக்கிறது. அதில் அனிஸ் முன்னுக்கு நிற்கும், நேரான சுவை, சாப்பாட்டுக்கு முன் குடிக்க நல்லது. பச்சையில் வியூ பொன்டார்லியே, 65 சதவீதம். வோம்வுட்டின் குணம் தெரிய வேண்டுமென்றால் என் தேர்வு அதுதான். கையில் காசு கொஞ்சம் தாராளமாக இருந்தால் ஜேட் 1901, 68 சதவீதம். டெட் ப்ரோ என்ற அமெரிக்க வேதியியலாளர், அப்சிந்த் தடைசெய்யப்படுவதற்கு முந்திய பழைய போத்தல்களை ஆராய்ந்து, பிரான்சில் சோமூர் என்ற ஊரில் பழைய செப்புக் கொப்பரைகளில் வடிப்பது. 2007இல் அமெரிக்காவில் அப்சிந்துக்கு மறுபடி வழி திறந்துவிட்ட லூசிட்டும் அவர் உருவாக்கியதுதான், 62 சதவீதம். பெர்னோ வாங்கும்போது லேபிளைக் கவனியுங்கள். பெர்னோ அப்சிந்த் என்று எழுதியிருக்க வேண்டும், 68 சதவீதம். வெறுமனே பெர்னோ என்றிருக்கும் 40 சதவீதப் போத்தல் வேறு பானம். விமானநிலையக் கடைகளில் இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பள்ளத்தாக்குக்காரர்களின் பழக்கமோ வேறு மாதிரி. அவர்களுக்குப் பெரிய பெயர் முக்கியமில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வடிப்பவர் உண்டு, அப்பா யாரிடம் வாங்கினாரோ அவரிடமே மகனும் வாங்குவார். எங்கள் உணவகத்துக்கு ஒவ்வொரு வெள்ளியும் வரும் ஒரு பெரியவர், வேறு போத்தலிலிருந்து ஊற்றினால் மோந்து பார்த்தே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்குக் காரணம் இருக்கிறது. சுவிஸில் 1910இலிருந்து 2005 வரை அப்சிந்துக்குத் தடை. அவ்வளவு காலமும் வீட்டுக்குள் ஒளித்து வடித்தார்கள். நிறமில்லாமல் வடித்தால் பார்க்க மற்ற மதுவைப் போல இருக்கும், அதனால் அந்த வகையே அங்கே ஊன்றிவிட்டது. நம் ஊர்க் கசிப்பு மாதிரி என்று எண்ண வேண்டாம், பாட்டி பேத்திக்குக் கைமாற்றிக் கொடுத்த கவனமான வேலை அது. காட்டு ஊற்றுகளுக்குப் பக்கத்தில் நடந்து வருகிறவர்களுக்காகப் போத்தலை ஒளித்துவைக்கும் வழக்கம் இன்றைக்கும் உண்டு. லீவு நாளில் நானும் ஏறிப்போய், ஊற்றுத் தண்ணீரையே விட்டுக் குடித்து, உண்டியலில் காசு போட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். அப்சிந்த் வடித்தவர்களை விசாரித்த மோத்தியே ஊர்ப் பழைய நீதிமன்றக் கட்டடம், 2014இலிருந்து அப்சிந்த் காட்சியகமாக இருக்கிறது.

தடைக்குக் காரணமான கதையை வைத்துத்தான் இதைக் குடித்தால் பைத்தியம் பிடிக்கும், கண்ணுக்கு எதெதுவோ தெரியும் என்று இன்றும் சொல்கிறார்கள். 1905இல் லான்ஃப்ரே என்ற தொழிலாளி மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றார். அன்று அவர் குடித்தது லீற்றர் கணக்கில் வைன், கூடவே வேறு மதுவும். அப்சிந்த் இரண்டே கிளாஸ். பழி முழுக்க அந்த இரண்டு கிளாஸின் மேல் விழுந்தது. பைத்தியம் பிடிக்கவைப்பதாகச் சொல்லப்படுகிற துயோன் என்ற பொருள் வோம்வுட்டில் உண்டு, அதற்கு ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 35 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பழைய போத்தல்களைச் சோதித்தபோதும் கதை கட்டின அளவுக்கு அதில் துயோன் இருக்கவில்லை. ஆபத்து இருக்கிறது, அது மதுச்சத்தில் இருக்கிறது. ஆகவே வெயில் சாய்ந்த பிறகு, வயிற்றில் ஏதாவது போட்டுவிட்டு, இரண்டு கிளாஸோடு நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிள் எடுக்கிற நாளிலும், நிலாவெளிக் கடலில் இறங்குகிற நாளிலும் தொடவே வேண்டாம்.

லேபிளில் துயோன் அளவைப் பெருமையாகப் போட்டிருந்தாலும், மண்டையோட்டுப் படம் இருந்தாலும், தெளிந்த கண்ணாடிக்குள் கிளிப்பச்சை மின்னினாலும் விட்டுவிடுங்கள். மூலிகையிலிருந்து வருகிற பச்சை நிறம், வெளிச்சம் பட்டால் பழுத்த இலை நிறத்துக்குப் போய்விடும், அதனால்தான் இருண்ட போத்தலில் அடைக்கிறார்கள். மின்னுகிற பச்சை என்றால் அது சாயம். செக் நாட்டிலிருந்து வரும் ஹில்ஸ் மாதிரியானவை 70 சதவீதம் இருந்தாலும் தண்ணீர் விட்டால் பால் விழாது, அனிஸ் இல்லாததால் அல்லது மிகக் குறைவாக இருப்பதால்.

சீனியைக் கொளுத்துகிற வித்தையும் அந்தப் பக்கத்துச் சாராயக்கடைகளில் 1990களில் வந்ததுதான், பழைய வழக்கம் கிடையாது. சூரிச்சில் ஒரு பிறந்தநாள் வீட்டில் எங்கள் பொடியன்கள் அப்படிக் கொளுத்தினார்கள். எரிகிற சீனி உருகிக் கிளாஸுக்குள் விழுந்து, 70 சதவீத மது குப்பென்று பிடித்து, கிளாஸ் வெடித்தது. என் அத்தானின் வலது கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

வைக்கும் இடம் பற்றியும் கேட்கிறார்கள். வெளிச்சம் படாத அலுமாரி போதும். ஃப்ரிட்ஜில் வைத்தால் அனெத்தோல் உறைந்து போத்தலுக்குள்ளேயே மங்கலாகிவிடும். அப்படி ஆனால் பயப்படாமல் வெளியே வையுங்கள், நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரமே தெளிந்துவிடும்.

கடிக்க வறுத்த கஜு நல்லது. மிளகாய்த் தூள் போட்ட மிக்ஸர் வேண்டாம், நாக்கு மரத்துவிடும். எனக்குப் பிடித்தது கணவாய். வளையமாக வெட்டி, உப்பும் பெருஞ்சீரகத் தூளும் மட்டும் பிரட்டி, சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு நிமிடம், அதற்கு மேல் இல்லை. இறக்கி வைத்துவிட்டு, பிறகு தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்க்கத் தொடங்குங்கள். பால் விழுந்து முடிகிறபோது கணவாயும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்திருக்கும்.