மொரீசியஸ் தொடக்கப் பள்ளிகளில் சூழல் கல்வி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐக்கிய நாடுகள் அவை 1972இல் ஸ்டாக்ஹோமில் நடத்திய மாநாட்டை ஒட்டி ஏற்பட்ட உலகச் சுற்றுச்சூழல் நாள், 1973 முதல் ஜூன் 5 அன்று உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. நம் தீவின் தொடக்கப் பள்ளிகள் பலவற்றிலும் அன்று ஒரு மரக்கன்று நடப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது, பிள்ளைகள் கைதட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறார்கள். ஆனால் மொரீசியஸில் ஜூன் என்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெய்யும் பெருமழை ஓய்ந்து குளிர்காலம் தொடங்கும் மாதம். கியூர்பிப் போன்ற மேட்டுநிலத்தில் அப்போதும் தூறல் இருக்கும் என்றாலும், மேற்குக் கரையில் அக்டோபர் வரை மண் காய்ந்துகொண்டே போகும். நட்ட சில வாரங்களில் விடுமுறை வந்துவிட, கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. தமிழாசிரியராக நானும் ஒரு பள்ளியில் இப்படி இரண்டு ஆண்டுகள் ஒரே குழியில் இரண்டு கன்றுகளை நட்டு இரண்டையும் பட்டுப்போக விட்டிருக்கிறேன். மூன்றாம் ஆண்டு ஒரு சிறுமி, “இந்தக் குழிக்கு மரம் பிடிக்காதா, சார்?” என்று கேட்ட பிறகுதான் நாள்காட்டியையும் வானத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றியது.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை வகுப்பில் மனப்பாடம் செய்விக்கும் நாம், அந்தப் பட்டம் தமிழகத்தின் மழையை வைத்துக் கணிக்கப்பட்டது என்றும், இங்கே ஆடி மாதத்தில் தென்கிழக்கிலிருந்து குளிர்காற்றுதான் வீசும் என்றும் சொல்வதில்லை. நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே வேர்: பிள்ளையின் கண்முன் இருக்கும் நிலத்தை விட்டுவிட்டு, வேறொரு நாட்டின் அல்லது வேறொரு காலத்தின் சூழலைப் பாடமாக்குகிறோம். கன்று நடுவதாயின் கோடை மழை தொடங்கியபின், ஜனவரியில் வகுப்புகள் திறந்ததும் நடலாம். ஜூன் 5 அன்று அதே கன்று எத்தனை விரல் உயர்ந்திருக்கிறது என்று அளந்து விழாவைக் கொண்டாடலாம்.

எந்தக் கன்றை நடுவது என்பதிலும் நாம் கவனமாக இருப்பதில்லை. பச்சையாக இருப்பதெல்லாம் இயற்கைக்கு நல்லது என்று பிள்ளைகள் நம்பும்படி கற்பிப்பது, வேறு நாட்டில் சிறு பிழையாக இருக்கலாம். இத்தீவில் அது பெரும்பிழை. மொரீசியஸின் பழைய காடு நல்ல நிலையில் எஞ்சியிருப்பது தீவின் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று கணக்கிடப்பட்டுள்ளது. அந்த எச்சத்தையும் இன்று நெருக்கிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த செடிகளே. குளிர்காலத்தில் குடும்பத்தோடு ப்ளேன் ஷாம்பாஞ் சென்று நாம் ஆசையாகப் பறித்துத் தின்னும் சிவப்புக் கொய்யா அவற்றில் முதன்மையானது. (கிரியோல் மொழியில் அதைச் ‘சீனக் கொய்யா’ என்கிறோம், அதன் பிறப்பிடமோ பிரேசில்.) பழத்தின் சுவையைக் குறைசொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதன் அடர்ந்த புதரின் கீழே கருங்காலிக் கன்று ஒன்றுகூட முளைத்தெழ முடிவதில்லை என்பதை நான்காம் வகுப்புப் பிள்ளையால் நேரில் கண்டு புரிந்துகொள்ள முடியும். பள்ளி வளாகத்தில் நட, மண்ணின் செடிகளை வனத்துறையின் நாற்றங்கால்களில் கேட்டுப் பெறலாம். 1992இல் நாட்டு மலராக அறிவிக்கப்பட்ட, லெ மோர்ன் மலையில் மட்டுமே இயற்கையாக வளரும் த்ரோக்கேசியாவின் படத்தை எல்லாப் பிள்ளைகளும் வரைகிறார்கள். அது ஏன் அந்த ஒரு மலையில் மட்டும் எஞ்சியது என்று கேட்கும் பிள்ளையை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன், கேட்கும்படி நாம் பழக்கவும் இல்லை.

அடுத்தது டோடோ. நம் சூழல் பாடங்களில் பாதியை இந்தப் பறவை விழுங்கிவிடுகிறது. ‘மனிதர்கள் கொன்று தின்றதால் டோடோ அழிந்தது’ என்ற ஒற்றை வரியைப் பிள்ளைகள் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். அது முழு உண்மையன்று. 1598இல் டச்சுக்காரர்கள் கால்வைத்த பின், அவர்கள் வேட்டையாடியதைக் காட்டிலும், கப்பல்களோடு வந்திறங்கிய எலியும் பன்றியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்றதும், காடு வெட்டப்பட்டதுமே அப்பறவையை முடித்தன என்பது ஆய்வாளர்களின் கருத்து. பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ மறைந்துபோயிற்று. இதை இப்படிச் சொன்னால் பாடத்தின் பொருளே மாறிவிடும்: கொடியவர் சிலரின் கதையாக இருந்தது, நாம் கையோடு கொண்டுவரும் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்ற கேள்வியாகிவிடும். இன்னொரு கதையும் வகுப்புகளில் உலவுகிறது: தம்பலகோக் மரத்தின் விதை டோடோவின் வயிற்றில் போய் வந்தால்தான் முளைக்கும் என்பது. 1977இல் ஓர் ஆய்வாளர் முன்வைத்த கருத்து அது. பின்வந்தவர்கள் அதை மறுத்துவிட்டனர். கதை அழகாக இருக்கிறது என்பதற்காக அதை உண்மையென்று சொல்லிக்கொடுத்தால், ஆறாம் வகுப்பைத் தாண்டியதும் பிள்ளை அதைத் தானே திருத்திக்கொள்ள நேரும். நம் மற்றச் சொற்களின் மீதும் அதற்கு ஐயம் வரும்.

டோடோவில் இதைவிடப் பெரிய குறை, அது இறந்த பறவை என்பதே. இன்று உயிரோடிருக்கும் பறவைகளைப் பிள்ளைகள் அறிவதில்லை. 1974இல் மொரீசியஸ் வல்லூறு காட்டில் நான்கே நான்குதான் இருப்பதாகத் தெரிந்திருந்தது. இந்த எண்ணை வகுப்பில் சொல்ல ஒரு நல்ல வழி உண்டு: நான்கு பிள்ளைகளை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லி, காட்டில் எஞ்சியிருந்த மொரீசியஸ் வல்லூறுகள் அத்தனையும் இவர்களே என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். மலேரியாவை ஒழிக்கத் தெளிக்கப்பட்ட டிடிடி மருந்து அப்பறவையின் வீழ்ச்சிக்கு ஒரு காரணம். மனிதரைக் காத்த மருந்தே பறவையைக் கெடுத்தது என்பதை ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை; நல்லது கெட்டது என்று இரண்டு கட்டங்களில் அடைக்க முடியாதவையும் உலகில் உண்டு என்று அவர்கள் அறியும் வயது அதுவே. 1979இல் இங்கு வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸும் அவருடைய குழுவினரும் கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துச் செயற்கையாக அடைகாத்தனர். தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிட, ஒரே பருவத்தில் இருமடங்கு குஞ்சுகள் கிடைத்தன. வல்லூறு இன்று நூற்றுக்கணக்கில் பறக்கிறது. 1990ஐ ஒட்டி ஏறத்தாழ 10 பறவைகளாகச் சுருங்கிய இளஞ்சிவப்புப் புறாவும் இப்போது நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அழிவை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கும், அழிவின் விளிம்பிலிருந்து ஒன்று மீண்டதையும் மீட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கேட்டு வளரும் பிள்ளைக்கும் வேறுபாடு இருக்கும்.

அச்சுறுத்துவதைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பொயின்ட் தெஸ்னி அருகே பவளத்திட்டில் மோதி நின்றது. ஆகஸ்டு 6 முதல் ஏறத்தாழ 1000 டன் எண்ணெய் கசிந்து காயலில் பரவிற்று. இன்று தொடக்கப் பள்ளியில் இருப்பவர்கள் அப்போது சிறு குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லாதவர்கள். கறுத்த அலைகளின் காணொளிகளை இரண்டாம் வகுப்பில் ஓட்டிக்காட்டிய ஒருவரை அறிவேன். மறுவாரம் கடற்கரைச் சுற்றுலாவுக்கு இரண்டு பிள்ளைகள் வர மறுத்தார்கள். சிறு வகுப்புகளுக்கு அந்நிகழ்ச்சியின் இன்னொரு பக்கமே போதும்: மஹேபூரில் மக்கள் துணிப்பைகளில் கரும்புத்தோகையைத் திணித்து, மிதப்பதற்குப் பிளாஸ்டிக் புட்டிகளைக் கோத்து, நீளமான தடுப்புகளைத் தம் கையாலேயே செய்து கடலில் இறக்கினார்கள். வாளித் தண்ணீரில் கொஞ்சம் சமையலெண்ணெயை ஊற்றி, தோகை எவ்வளவை உறிஞ்சுகிறது, துணி எவ்வளவை உறிஞ்சுகிறது என்று பிள்ளைகளே சோதித்துப் பார்க்கலாம். புவி வெப்பமடைதல், பவளம் வெளுத்தல் போன்ற பெரிய செய்திகள் மேல்வகுப்புகளுக்குக் காத்திருக்கட்டும். பூச்சியைப் பார்த்து மகிழும் வயதில் உலகம் முடியப்போகிறது என்று சொன்னால், பிள்ளை கேட்க விரும்பாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வீட்டையும் வகுப்பையும் மோதவிடுவது நாம் அறியாமலே செய்யும் பிழை. நம் தீவின் பழந்தின்னி வௌவால் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. டோடோவும் பேராமைகளும் போனபின், பெரிய விதைகளைக் காட்டில் பரப்ப எஞ்சியிருக்கும் பெரிய உயிர் அதுவே. ஆனால் டிசம்பரில் லெச்சி பழுக்கும்போது இரவெல்லாம் மரத்தடியில் தகரம் தட்டும் தாத்தாவின் பேரனும் வகுப்பில் இருக்கிறான். 2015இலும் 2016இலும் அரசே ஆயிரக்கணக்கில் வௌவால்களைச் சுட்டது. 2018இல் அவ்வினம் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ளதாக உயர்த்தப்பட்டது. ‘வௌவாலைக் கொல்பவர்கள் கெட்டவர்கள்’ என்று நாம் வகுப்பில் எழுதிப்போட்டால், அந்தப் பிள்ளை தாத்தாவையோ ஆசிரியரையோ ஒருவரைக் கைவிட வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, மரத்துக்கு வலை போட என்ன செலவாகும், வலைக்குள் எத்தனை கிலோ தப்பியது என்று தாத்தாவிடமே கேட்டுவரச் சொல்லலாம். தீர்ப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

குப்பையைப் பற்றிய பாடங்களில் சொல்லுக்கும் காட்சிக்கும் இடையே உள்ள பிளவு இன்னும் வெளிப்படையானது. மூன்று நிறத் தொட்டிகளின் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்கிறோம். தெருவில் வரும் லாரி எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு, 1997 முதல் தீவின் ஒரே குப்பைக்கிடங்காக இருக்கும் மார் ஷிகோஸுக்குப் போவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கிறது. பெரியவர்கள் சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று என்ற பாடத்தை அது வெகு விரைவில் கற்றுக்கொள்கிறது. இல்லாத தொட்டியைக் காட்டுவதைவிட, இருக்கும் வாளியில் தொடங்கலாம்: வீட்டுக் குப்பையின் பெரும்பகுதி சமையலறையிலும் தோட்டத்திலும் இருந்து வருவதால், வாழைப்பழத் தோலையும் காய்கறிக் கழிவையும் பள்ளித் தோட்டத்தில் ஒரு குழியில் இட்டு மட்கச் செய்வது எந்த லாரியையும் நம்பியிருக்காத வேலை. 2016 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. அந்தத் தடையைப் பாராட்டும் சுவரொட்டியைத் தெர்மகோல் அட்டையில் மினுமினுப்புத் தூள் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டு நாமே போட்டிக்கு அனுப்புகிறோம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 2024இல் டெங்கு பரவியபோது பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைத் தேடிப்போய்க் கொட்டிய பிள்ளைகள் கற்றதை ஒரு சுவரொட்டியும் கற்றுத்தந்திருக்காது.

1977இல் திபிலிசியில் நடந்த நாடுகளின் மாநாடு சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்பு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. நாம் முதலாவதிலேயே நின்றுவிடுகிறோம்.

தமிழ் வகுப்புக்குரிய தவறு ஒன்று உண்டு. அதை மற்றவர்கள் சொல்லமாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன். வீட்டில் கிரியோல் பேசும் நம் பிள்ளைகள் ‘சுற்றுச்சூழல் மாசுபாடு’, ‘விழிப்புணர்வு’ என்ற நீளமான சொற்களை ஒப்பிக்கிறார்கள்; ‘சோவ்சூரி’க்குத் தமிழில் வௌவால் என்று அவர்களுக்குத் தெரியாது. பொருள் கண்முன் நிற்க, அதன் பெயரைச் சொல்லித்தராமல், கண்ணுக்குத் தெரியாத கருத்துகளின் பெயர்களைத் திணிப்பது மொழிக்கும் கேடு, சூழலுக்கும் பயனில்லை. பாடப் படங்களில் வரும் மைனாவும் கிளியும் இங்கும் உண்டு என்று மகிழ்வோம். ஆனால் அந்த மைனா இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும், ஊருக்குள் கத்தும் கழுத்துவளையக் கிளியும் அப்படி வந்ததே என்றும், தீவுக்கே உரிய எக்கோ கிளி காட்டுக்குள் பொந்துகளுக்காக அதனோடு போட்டியிடுகிறது என்றும் சேர்த்துச் சொல்வதே முழுப் பாடம். பள்ளி வேலியில் கூட்டமாக வந்து ‘பிக் பிக்’ என்று சிணுங்கும் சிறு சாம்பல்நிறக் குருவி இந்த மண்ணுக்கே உரியது. அதைத் தமிழில் என்ன பெயரிட்டு அழைக்கலாம் என்று பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள்.

ஐந்திணைப் பாடம் இதற்கு அருமையான வாய்ப்பு. அதையும் அட்டவணையாக மனப்பாடம் செய்வித்து வீணாக்குகிறோம். குறிஞ்சிப் பூ இங்கே பூப்பதில்லை. நெல் வயலைக் காண்பதும் அரிது. ஆனால் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் மலையும் காடும் வயலும் கடலும் வரும் நாடு இது. மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில், பறை என்று கருப்பொருளின் கட்டங்களை மட்டும் வெறுமையாகக் கொடுத்து, உங்கள் ஊரை நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பலாம். நான் அப்படி அனுப்பியபோது கடலோரப் பிள்ளைகள் பறை என்ற கட்டத்தில் சேகா ஆட்டத்துக்கு முழங்கும் ரவான் மேளத்தை எழுதி வந்தார்கள். மருதத்தில் கரும்பு வந்தது. பறவைக் கட்டத்தில் ஒருவன் கோழி என்று எழுதியிருந்தான். விசாரித்ததில் அவன் வீட்டைச் சுற்றி வேறு பறவையே இல்லை என்றான். மறுவாரம் அந்த ஒரு கட்டத்துக்காகவே அவன் தெருவுக்கு வகுப்போடு போனோம். இருபது நிமிடத்தில் ஐந்து வகைப் பறவைகளை எண்ணினோம்; நான்கு வெளியிலிருந்து வந்தவை, ஒன்று பிக்-பிக். அவன் கோழி என்ற சொல்லை அடிக்காமல் அதன் பக்கத்திலேயே அந்த ஐந்தையும் எழுதிக்கொண்டான்.